நைட் டியூட்டி முடிந்து ஏரிக்கரைக்கு

லேப் டெக்னீஷியன் வேலையில் புதிதாகச் சேர்பவர்களுக்கு நைட் டியூட்டிதான் அதிகம் விழும். குடும்பம், குழந்தை என்று இருப்பவர்களுக்குப் பகல், ஊரிலிருந்து தனியாக வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இரவு பத்திலிருந்து காலை ஆறு. இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, யாராவது பார்த்துத்தானே ஆக வேண்டும். ஆனால் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்த ஒருத்தி பகலெல்லாம் திரையை இழுத்துவிட்டுத் தூங்கி, இரவெல்லாம் ட்யூப்லைட் வெளிச்சத்தில் வேலை செய்துகொண்டிருந்தால் இந்த ஊர் எப்போதுதான் பழகும்? மேடவாக்கத்தில் இருக்கிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, ஹாஸ்டல், பஸ் ஸ்டாப், லேப் மூன்றையும் விட்டால் மேடவாக்கத்தில் எனக்கு எதுவுமே தெரியாது.

ஆறு மணிக்கு அடுத்த ஷிஃப்டிடம் ஐசியு சாம்பிள்களையும் பாக்கி ரிப்போர்ட்டுகளையும் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தால் கண் எரியும், ஆனால் தூக்கம் வராது. ஹாஸ்டலிலோ அந்த நேரத்தில் குளியலறை வாசலில் வரிசை நிற்கும், மிக்ஸி ஓடும், யாராவது போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். சரி, கொஞ்சம் நடந்துவிட்டுப் போகலாம் என்று சோழிங்கநல்லூர் சாலையில் நடக்க ஆரம்பித்ததுதான் தொடக்கம். பெரும்பாக்கம் ஏரி அந்தச் சாலையோரத்தில்தான் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக நாணலும் குப்பையும் மட்டும்தான் தெரிந்திருந்தன. நடந்து போய்க் கரையோரமாக நின்றபோது தலைக்கு மேல் வக்காக் கூட்டம் ஒன்று கத்திக்கொண்டே போனது. இரவெல்லாம் மீனும் தவளையும் பிடித்துவிட்டு விடியும் நேரத்தில் அடையும் மரத்துக்குத் திரும்புகிற பறவை அது, இராக்கொக்கு என்றும் சொல்வார்கள். அந்த நேரத்தில் வேலை முடித்துத் திரும்பும் இன்னொரு கூட்டமும் இந்த ஊரில் இருக்கிறது என்று பார்த்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நைட் டியூட்டி பார்க்கிறவர்களுக்குச் சொல்லாமலே புரியும்.

எங்கள் பக்கத்தில் பறவை என்பது புதிதல்ல. கூந்தன்குளத்தில் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் ஊருக்குள்ளேயே, வீட்டுக்குப் பக்கத்து மரத்திலேயே கூடு கட்டும், தீபாவளிக்கு அந்த ஊரில் வெடி வெடிக்க மாட்டார்கள், கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்ப்பார்கள். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து அந்தக் குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த எனக்குச் சென்னையில் போய்ப் பறவை பார்ப்போம் என்று மட்டும் தோன்றியதே இல்லை. ஒருநாள் போனில் ஏரியில் கூழைக்கடா நிற்கிறது என்று சொன்னதும் அம்மா, “அங்கயுமா வருது? அப்போ ஊரு அவ்வளவு மோசமில்ல, நீ இருந்துக்கலாம்” என்றாள். அதுவரை தினமும், “சாப்பிட்டியா, தூங்குனியா, திரும்பி வந்துடுறியா” என்று மூன்றே கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பியதுபோக மிச்சம் பெரிதாக இல்லை, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒரு 8x42 பைனாகுலர் வாங்கினேன். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர், விடிகாலை மங்கலிலும் வெளிச்சத்தை நன்றாக வாங்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் பத்து, பன்னிரண்டு மடங்கு என்று போக வேண்டாம், கை நடுங்கும் அளவுக்குப் படமும் ஆடும். அதில் முதலில் ஆசைதீரப் பார்த்தது நீலத் தாழைக்கோழியை. சாதாரணக் கண்ணுக்கு நாணலில் ஏதோ கருப்பாக நடப்பதுபோல இருந்த பறவை, வெயில் பட்டதும் நீலமும் ஊதாவுமாக, நெற்றியிலிருந்து அலகு வரை ஒரே சிவப்பு, நீண்ட கால்விரல்களால் நாணல் தண்டைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுகிறது. நாமக்கோழி, முக்குளிப்பான், புள்ளிமூக்கு வாத்து, அரிவாள் மூக்கன், நத்தைக்குத்தி நாரை எல்லாம் கொஞ்ச காலத்திலேயே தெரிந்த முகங்களாகிவிட்டன. வடக்கே சைபீரியா வரைக்கும் போய்க் குஞ்சு பொரித்துவிட்டு வரும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் மழைக்காலம் முடிகிற சமயத்தில் வந்து சேர்ந்தபோது, நான் அவற்றுக்கு முன்பே வந்து ஊரில் இடம் பிடித்துவிட்டவள் என்கிற எண்ணம் வந்தது. அந்த எண்ணம் வந்த நாளிலிருந்துதான் மேடவாக்கத்தில் இருக்கிறேன் என்று மனதார சொல்ல முடிந்தது.

இதை வேலையிலிருந்து தப்பித்து ஓடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை. என் வேலையே பார்ப்பதுதான். ரத்த ஸ்மியரை, அதாவது கண்ணாடி ஸ்லைடில் மெல்லியதாகத் தேய்த்த ரத்தத்தை, மைக்ராஸ்கோப்பில் வைத்தால் எடுத்த எடுப்பில் நூறு மடங்கு பெரிதாக்கும் 100எக்ஸ் ஆயில் லென்ஸுக்குப் போகக் கூடாது, முதலில் 10எக்ஸில் ஸ்லைடு முழுவதையும் ஓட்டிப் பார்க்க வேண்டும், செல்கள் எங்கே சரியாகப் பரவியிருக்கின்றன, ஓரத்தில் என்ன இருக்கிறது என்று. அதற்குப் பிறகுதான் நெருங்கிப் போய் 100 வெள்ளையணுக்களை வகை பிரித்து எண்ணுவது. ஏரியிலும் அதே பழக்கத்தைத்தான் வைத்துக்கொண்டேன். பைனாகுலரைத் தூக்குவதற்கு முன் வெறும் கண்ணால் கரை முழுவதையும் ஒருமுறை பார்ப்பது, எங்கே கூட்டம், எங்கே திடீரென்று எல்லாம் பறக்கின்றன, மேலே பருந்து சுற்றுகிறதா என்று. நேராக ஒரே பறவையில் போய் மாட்டிக்கொள்கிறவர்களுக்குப் பக்கத்தில் நிற்கிற பத்து தெரியாது.

மழைக்காலத்தில் டெங்கு சீசன் தொடங்கினால் இரவு முழுக்க பிளேட்லெட் கவுண்ட்தான். சிலருடைய ரத்தத்தில், ரத்தம் உறையாமலிருக்க இடிடிஏ என்ற வேதிப்பொருள் போட்ட ட்யூப்பில் எடுத்த பிறகு பிளேட்லெட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், மெஷினால் அவற்றைத் தனித்தனியாக எண்ண முடியாமல் நாற்பதாயிரம் என்று குறைத்துக் காட்டும். வெளியே அந்த நோயாளியின் வீட்டுக்காரர்கள் பதறிக்கொண்டிருப்பார்கள். ஸ்லைடு போட்டுப் பார்த்தால் ஓரத்தில் கொத்துக்கொத்தாகக் கிடக்கும், இடிடிஏவுக்குப் பதில் சிட்ரேட் போட்ட ட்யூப்பில் மறுபடி எடுத்து ஓட்டினால் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும். மெஷின் பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்ததைச் சொல்கிறது, அவ்வளவுதான். பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் ஆப்பும் எனக்கு அப்படித்தான். ஒரு காலை அது வல்லூறு என்று காட்டியது. கம்பியில் உட்கார்ந்திருந்தது கரிச்சான். வல்லூறின் குரலை அப்படியே எழுப்பும் பறவை அது, நானும் நின்று கேட்டேன், கண்ணை மூடினால் வல்லூறு என்றுதான் சொல்வேன். சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளான உள்ளான்களில் இன்னும் கஷ்டம். பச்சைக்காலிக்கு அலகு கொஞ்சம் தடித்து லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும், சின்னப் பச்சைக்காலிக்கு ஊசிபோல நேராக, மெல்லியதாக இருக்கும். கிட்டத்தில் வந்தால் எளிது, தூரத்துச் சேற்றில் வெயிலுக்கு எதிராக நின்றால் சொல்ல முடியாது. பார்த்த பறவைகளைப் பதியும் இபேர்ட் இணையதளத்தில் பதிவிடும்போது இனம் உறுதியாகத் தெரியாவிட்டால் உள்ளான் வகை என்று மட்டும் போட இடம் உண்டு, அந்த இடத்தை நான் தாராளமாகப் பயன்படுத்துகிறேன். சந்தேகமான செல்லைப் பார்த்தால் ஊகித்து எழுதாமல் பேத்தாலஜிஸ்ட் பார்வைக்கு ஒதுக்கிவைப்பதும் இதுவும் எனக்கு ஒரே ஒழுங்குதான்.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விடுமுறை நாட்களில் துரைப்பாக்கம் ரேடியல் சாலையோரம் போய் நிற்பேன். தென்சென்னையின் எத்தனையோ ஏரிகளின் உபரிநீர் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக வடிந்து பக்கிங்காம் கால்வாய்க்குப் போகும் இடம் அது. 2007இல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள், 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சேர்ந்தது நல்லதுதான். ஆனால் ஒரு பக்கம் பூநாரைகள் நிற்க, மறுபக்கம் பெருங்குடிக் குப்பைமேடு கிடக்க, நடுவில் வாகனங்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போவதைப் பார்த்தால் கோபம் வருகிறது. நான் வாடகை கொடுக்கும் அறையும் என் சம்பளமும் ஒரு காலத்தில் தண்ணீர் நின்ற பூமியின் மேல்தான் இருக்கின்றன என்பதை மழை பெய்யும் ஒவ்வொரு முறையும் தெருவே காட்டிக்கொடுக்கிறது.

தனியாக நடக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. ஆள் நடமாட்டம் இல்லாத கரைப்பகுதிக்கு நான் போவதில்லை. எந்தப் பக்கம் போகிறேன் என்று டீக்கடை அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன். ஆரம்பத்தில், “என்னம்மா, நிலம் அளக்க வந்தீங்களா?” என்று கேட்டவர், பைனாகுலரில் ஒருமுறை நாமக்கோழிக் குஞ்சுகளைக் காட்டிய பிறகு, நான் வராத நாட்களில் என்னென்ன வந்தது என்று அவரே கணக்குச் சொல்வார்.

அக்டோபரில் ஒருநாள் அதிகாலை, ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருவர் கையுறை வந்த காலி அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு லேப் வாசலில் வந்து நின்றார். “கண்ணாடியில மோதி விழுந்துடுச்சு. நீதான குருவி பாக்குற பொண்ணு, பாரு” என்றார். திறந்தால் ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, கண்ணை மறைத்த கறுப்புப் பட்டை, வயிற்றுக்கடியில் சிவப்பு. கோடையில் மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் இருந்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இரவோடு இரவாகப் பறந்து வரும் பறவை, வழியில் நகரத்து வெளிச்சத்திலும் கண்ணாடிச் சுவரிலும் சிக்கிக்கொள்கிறது. தண்ணீர் கொடுக்கவா என்று அக்கா கேட்டார். இப்படி அடிபட்ட பறவைக்குத் தண்ணீரோ தீனியோ புகட்டக் கூடாது, காற்றோட்டத்துக்குத் துளை போட்டு, இருட்டாகவும் சத்தமில்லாமலும் வைத்தால் போதும். ஸ்டோர் ரூமில் பெட்டியை வைத்துவிட்டு மிச்சமிருந்த சாம்பிள்களை முடித்தேன். ஆறு மணிக்கு நானும் அக்காவும் பின்பக்கத்துப் புங்கமரத்தடியில் பெட்டியைத் திறந்தோம். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது, பிறகு தாவி வெளியே வந்து இலைச்சருகை இரண்டு தரம் புரட்டிவிட்டு வேலிக்குள் போய்விட்டது. அக்கா தன் போனில் எடுத்த படத்தை டியூட்டி டாக்டர் வரைக்கும் எல்லோரிடமும் காட்டினார். அன்றிலிருந்து மொட்டைமாடியில் எது வந்து உட்கார்ந்தாலும் எனக்குப் போன் வருகிறது, பெரும்பாலும் புறாதான், ஆனாலும் எடுத்துப் பேசுவேன்.

இப்போது புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் இருப்பதால் பகல் டியூட்டிக்கு மாறிக்கொள்ளலாம் என்று இன்சார்ஜ் சொன்னார். மார்ச்சுக்குப் பிறகு மாறிக்கொள்கிறேன் மேடம், வலசைப் பறவைகள் கிளம்பும் வரை நைட்டே இருக்கட்டும் என்றேன். பொங்கல் சமயத்தில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், ஒரே இடத்தில் பதினைந்து நிமிடமாவது நின்று பார்த்ததை எண்ணி இபேர்டில் ஏற்றினால் போதும். புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருத்தி தஞ்சாவூர்ப் பக்கம், அவளுக்கும் ஹாஸ்டலில் காலையில் தூக்கம் வருவதில்லையாம். பைனாகுலர் ஒன்றுதான் இருக்கிறது, மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லியிருக்கிறேன்.