பழைய வண்டி, இருபத்து நாலு நட்டு

2 மார்ச் 2024, சனி

நவம்பரில் பிரித்துப் போட்ட டிக்கிக்கு இன்று ஒருவழியாக விமோசனம். ஸ்டெப்னி உட்காரும் பள்ளம் துருப்பிடித்துச் சல்லடையாக இருந்தது. முன்பு வைத்திருந்த யாரோ ஒரு புண்ணியவான் தகரத்தை ஒட்டி, மேலே பட்டி பூசி, கறுப்பாகத் தார் அடித்து மறைத்திருந்தார். சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. மொத்தமாக வெட்டி எறிந்து, புதுத் தகட்டை வைத்து வெல்டிங் முடித்தது டிசம்பரில். பிரைமர், பெயின்ட் எல்லாம் ஆகி, இன்று பெட்ரோல் டேங்கை அதன் இடத்தில் இறக்கி முடுக்கினேன். இந்த வண்டியில் டிக்கித் தரையின் இடப்பக்கம் ஸ்டெப்னி, வலப்பக்கம் டேங்க். டேங்கைக் கழற்றாமல் அங்கே வெல்டிங் வைப்பவன் அடுத்த நாள் நாட்குறிப்பு எழுத இருக்க மாட்டான். அதனால் குளிர்காலம் முழுக்க டேங்க் பழைய போர்வைக்குள் கராஜ் மூலையில் கிடந்தது.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு: வண்டி பிஎம்டபிள்யூ 2002. ஆனால் 1972ஆம் வருடத்து வண்டி. கோயம்புத்தூரில் யாரிடம் சொன்னாலும் "2002 மாடலா? அதுக்கே இங்க எஃப்சி வாங்கறது பெரும்பாடாச்சே" என்கிறார்கள். 2002 என்பது வருடம் அல்ல. 2 லிட்டர் எஞ்சின், இரண்டு கதவு என்ற கணக்கில் வந்த பெயர். 1966இல் 1600 சிசி எஞ்சினோடு வந்த சின்ன வண்டி இது. எஞ்சின் வடிவமைப்பாளர் அலெக்ஸ் ஃபான் ஃபால்கன்ஹவுசன் தன் சொந்த வண்டியில் 2 லிட்டர் எஞ்சினை மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். திட்டப் பிரிவில் இருந்த ஹெல்முட் வெர்னர் பென்ஷும் அதையே செய்துவைத்திருந்தார். ஒருவருக்கொருவர் தெரியாது. இரண்டு வண்டியும் பட்டறையில் சந்தித்துக்கொண்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அமெரிக்க இறக்குமதியாளர் மாக்ஸ் ஹாஃப்மனும் வேகமான வண்டி கேட்டு நச்சரிக்க, 1968இல் 2002 பிறந்தது. தனக்காகப் பண்ணிக்கொண்ட வேலை என்றைக்கும் நன்றாகத்தான் இருக்கும்.

என்னுடையது சாதாரண 2002. ஒற்றை கார்புரேட்டர், 100 குதிரைசக்தி, பின்னால் வட்ட விளக்கு. நிறம் மலகா, அதாவது நாகப்பழம் தின்ற நாக்கின் நிறம். கார்ல் பென்ஸ் 1886இல் உலகின் முதல் மோட்டார் காரை ஓட்டிக் காட்டிய ஜெர்மனியின் மன்ஹைம் நகரத்தில் இருந்துகொண்டு பிஎம்டபிள்யூ வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் மன்னித்துவிட்டார்கள்.

16 மார்ச், சனி

டாப்பெட் வைத்தேன், அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்தேன். எனக்கு இந்த வண்டியிலேயே பிடித்த வேலை.

வால்வை அழுத்தும் ராக்கரின் நுனியில் ஒரு சின்ன வட்டு. அதன் நடு அச்சு மையத்தில் இல்லை, சற்று ஒதுங்கி இருக்கும். வட்டில் ஒரு சிறு துளை. 10 நம்பர் ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி, துளைக்குள் வளைந்த கம்பி ஒன்றை விட்டுத் திருப்பினால் இடைவெளி கூடும், குறையும். எஞ்சின் ஆறியிருக்கும்போது 0.15 முதல் 0.20 மில்லிமீட்டர். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு உள்ளே போகும்போது வெண்ணெயில் கத்தி மாதிரி போகக்கூடாது, அடம்பிடிக்கவும் கூடாது. அந்தப் பதம் கைக்குத்தான் தெரியும். ஒரு வால்வு சரியாக வந்து, நட்டை முடுக்கும்போது கம்பி நழுவி, மறுபடி முதலிலிருந்து. எட்டு வால்வுக்கு இரண்டரை மணி நேரம்.

வீடியோவில் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். கோயம்புத்தூர் கணபதியில் முப்பது வருஷம் லேத்துப் பட்டறை வைத்து, பம்புசெட்டுக்கு உருப்படி கடைந்து கொடுத்தவர்.

"அதென்றா கையில, சைக்கிள் ஸ்போக்கா?"

"ஆமாங்ப்பா. கம்பெனி டூல் ஒண்ணு இருக்கு, ஸ்போக்குதான் நல்லா வருது."

"ஜெர்மனிக்காரன் வண்டிக்கும் ஸ்போக்குதானா" என்று அவருக்கு ஏகத் திருப்தி.

1983இல் நெல்சன் பிக்கே ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வாங்கிய பிராபம் வண்டியில் இருந்தது என் வண்டியின் இதே எம்10 எஞ்சின் குடும்பத்து பிளாக் என்று சொன்னேன். பிஎம்டபிள்யூவின் எஞ்சின் நிபுணர் பவுல் ரோஷே அதை 1.5 லிட்டராகச் சுருக்கி டர்போ மாட்டினார். ஓடி ஓடிப் பதப்பட்ட பழைய பிளாக்குகளாகத் தேடி எடுத்தார்கள் என்று ஒரு கதையும் உண்டு. அப்பா ஆச்சரியப்படவே இல்லை. "வார்த்த இரும்பு வருசம் போகப் போகத்தான் அடங்கும். புது வார்ப்பைக் கடைஞ்சா மறுநா கோணிக்கும்" என்றார். பொறியியல் படிப்பில் எனக்கு ஒரு செமஸ்டர் பிடித்த விஷயம்.

7 ஏப்ரல், ஞாயிறு

குளிர்காலத்துக்குப் பிறகு முதல் ஓட்டம். முப்பது வயது தாண்டிய வண்டிக்கு இங்கே நம்பர் பிளேட்டின் கடைசியில் எச் எழுத்து கொடுப்பார்கள். எஞ்சின் எதுவானாலும் வருட வரி 191.73 யூரோ. அசலாக வைத்திருந்தால்தான் கொடுப்பார்கள் என்பதால் இந்த எழுத்தின் மேல் எல்லோருக்கும் ஒரு பக்தி.

சோக்கை இழுத்ததும் மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. பந்தயத் தடம் இருக்கும் ஹாக்கன்ஹைம் வரை போய் வரலாம் என்று கிளம்பினேன். கார் பந்தய வீரர் ஜிம் கிளார்க் அங்கே ஃபார்முலா டூ பந்தயத்தில் உயிர்விட்டது 1968இல் இதே ஏப்ரல் 7, அதுவும் ஒரு ஞாயிறு.

ஆட்டோபானில், அதாவது இங்கத்து விரைவுச் சாலையில், பத்து நிமிடம் அருமை. 110ஐத் தாண்டியதும் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. முதலில் ஒரு சின்ன ஜெர்க், அப்புறம் யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்னும் மோசம். ஓரத்தில் ஒதுங்கி முக்கோணத்தை வைத்துவிட்டு, தடுப்புக்கு அந்தப் பக்கம் ஐந்து நிமிடம் நின்றேன். திரும்பி வந்து சாவியைத் திருகினால், ஒன்றுமே நடக்காத மாதிரி பொட்டுப் பொட்டென்று ஐட்லிங். அடுத்த பத்து நிமிடம் சமர்த்து. அப்புறம் மறுபடி அதே கதை.

ஹாக்கன்ஹைம் போகவில்லை.

14 ஏப்ரல், ஞாயிறு

சித்திரை ஒன்று. மாங்காய் கிடைத்தது, வேப்பம்பூ கிடைக்கவில்லை. பாயசம் கொதிக்கும் நேரத்தில் நான் கராஜில். மனைவி இரண்டு முறை கூப்பிட்டாள், மூன்றாவது முறை கூப்பிடவில்லை. அதுதான் ஆபத்தான கட்டம் என்று தெரிந்து ஓடினேன்.

"கார்புரேட்டர் கோளாறு என்று வருவதில் பாதி, கரண்ட் கோளாறு" என்பது எல்லா ஊர் மெக்கானிக்கும் சொல்வது. சூடேறினால் மக்கர், ஆறினால் சரி என்றால் முதல் சந்தேகம் கண்டென்சர், அடுத்தது காயில். அதனால் வாரம் முழுக்க அதுதான்: புது பாயின்ட், புது கண்டென்சர், பிளக், காயில். கடைசியாக டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம். இந்த வண்டியின் ஃப்ளைவீலில் ஒரு சின்ன எஃகு குண்டு பதித்திருக்கிறார்கள். கியர்பாக்ஸ் கூட்டில் உள்ள ஓட்டை வழியாக டைமிங் லைட்டை அடித்தால், ஓடுகிற சக்கரத்தில் குண்டு மட்டும் அசையாமல் மின்னும். டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்பினால் குண்டு மெல்ல நகர்ந்து ஓட்டையின் நடுவில் வந்து நிற்கும். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நிலா மாதிரி இருக்கு" என்றாள்.

மாலையில் ஓட்டிப் பார்த்தேன். பத்தாவது நிமிடம், அதே ஜெர்க்.

20 ஏப்ரல், சனி

எதிர் கராஜ் பெரியவர் வந்தார். எழுபத்தெட்டு வயது, தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் மாற்றியதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி. பெட்ரோல் வருகிறதா என்று பார்த்தீர்களா?" என்றார்.

பம்ப் எஞ்சின் தலையின் பக்கவாட்டில் இருக்கிறது, கேம் ஷாஃப்ட் தள்ளித் தள்ளி ஓடும் சாதாரண பம்ப். அது நன்றாக வேலை செய்கிறது என்று ஐட்லிங்கிலேயே முடிவு கட்டியிருந்தேன். ஐட்லிங்குக்கு எவ்வளவு வேண்டும், ஒரு சங்கு. 110க்கு வேண்டியது வேறு கணக்கு.

கார்புரேட்டருக்குப் போகும் குழாயைப் பிடுங்கி ஒரு ஜாடிக்குள் விட்டோம். கரண்ட் காயிலைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற வைத்தேன். முதலில் துடிப்பு துடிப்பாக நல்ல வேகம். விட்டு விட்டு அரை லிட்டர் வருவதற்குள் நூலாக இளைத்துவிட்டது. நிறுத்தி, ஒரு சிகரெட் நேரம் காத்திருந்து (பெரியவர் நிஜமாகவே வெளியே போய்ப் பிடித்துவிட்டு வந்தார்) மறுபடி சுற்றினால், மறுபடி நல்ல வேகம்.

இரண்டு பேரும் டிக்கியைப் பார்த்தோம்.

டேங்கின் மேல் இருக்கும் அளவுமானியோடுதான் உறிஞ்சு குழாயும், அதன் அடியில் பொடிச் சல்லடையும். நட்டுகளைக் கழற்றி மேலே தூக்கினேன். சல்லடை, டிகாக்‌ஷன் இறங்கி முடித்த ஃபில்டர் மாதிரி இருந்தது. செம்பழுப்புச் சேறு. விரலால் தேய்த்தால் செதில் செதிலாகத் துரு. பம்ப் உறிஞ்சும்போது செதில்கள் சல்லடையில் அப்பிக்கொள்ளும். வண்டி நின்றதும் உதிர்ந்து கீழே போகும். அதனால்தான் ஐந்து நிமிட ஓய்வில் எல்லாம் சரியாகிப் போனது.

துரு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே தேவையில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை, மூடியில்லாமல், காலி டேங்க், ஈரக் கராஜ். போர்வை போர்த்தியிருந்தேன் அல்லவா, குளிராமல் இருக்க! திரும்ப மாட்டும்போது உள்ளே ஒரு டார்ச் அடித்துப் பார்க்கக்கூட இல்லை. எனக்குப் பாயின்ட் வைப்பது பிடிக்கும், டைமிங் குண்டு பிடிக்கும். அதனால் கோளாறும் அங்கேதான் இருக்கும் என்று தேடியிருக்கிறேன். பெட்ரோல் நாற்றம் பிடிக்காது.

27 ஏப்ரல், சனி; மிச்சம் அடுத்த வாரம்

டேங்க் வெளியே வந்தது. புது டேங்க் விலை பார்த்தேன், பார்த்த பக்கத்தை மூடினேன்.

அப்பாவின் வைத்தியம்: "ஒரு கை பழைய நட்டை அள்ளிப் போட்டு, மண்ணெண்ணெய் ஊத்திக் குலுக்கு." எண்ணிப் போட்டேன், 24 நட்டு. மகள் ஒருபுறம், நான் ஒருபுறம், தோட்டத்துப் புல்லில் டேங்கைத் தொட்டில் ஆட்டுவதுபோல் ஆட்டினோம். சத்தத்துக்கு இரண்டு வீட்டு ஜன்னல் திறந்தது. சனிக்கிழமை என்பதால் பிழைத்தோம். ஞாயிறாக இருந்தால் போலீஸே வந்திருக்கும். அப்புறம் பல முறை கழுவி, சிட்ரிக் அமிலம் கரைத்து ஊற்றி இரண்டு நாள் ஊறல். சோடா உப்புத் தண்ணீரில் அலசல். கடைசியில் மனைவியின் ஹேர் டிரையர். (அவள் இதைப் படிக்கிறாள் என்பதால்: புதிது வாங்கிவிட்டேன்.)

உள்ளே டார்ச் அடித்தால் வெள்ளைப் பாத்திரம் மாதிரி பளபளப்பு.

நட்டுகளைக் கொட்டி எண்ணினேன். 23.

மறுபடி எண்ணினேன். 23. டேங்கைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டினால் உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம். காந்தம், கம்பி, மகளின் பிஞ்சுக் கை, எதற்கும் அகப்படவில்லை.

11 மே, சனி

மாட்டியாயிற்று. புது ரப்பர் குழாய், இடையில் ஒரு கண்ணாடி ஃபில்டர், எத்தனால் குறைந்த சூப்பர் பிளஸ் பெட்ரோல். ஆட்டோபானில் ஒரு மணி நேரம், 130 வரை. ஜெர்க் இல்லை. ரவுண்டானாவில் திரும்பும்போது மட்டும் பின்னால் 'டொக்'. 24ஆவது நட்டு. சல்லடைக்குள் நுழைகிற சைஸ் இல்லை, ஊர்கோலம் போகட்டும்.

31 மே, வெள்ளி

நேற்று விடுமுறை, இன்று இடைநாள் லீவு. ஒரு சிறு கிளப் ஹாக்கன்ஹைமில் ட்ராக்கை வாடகைக்கு எடுத்திருந்தது. பழைய வண்டிகளுக்கான சீரோட்டப் போட்டி. இதில் முந்துகிறவன் ஜெயிப்பதில்லை. முதல் கணக்குச் சுற்றில் நீ எடுத்த நேரத்தையே அடுத்த ஆறு சுற்றிலும் எடுக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் தண்டம். வண்டிக்குள் கடிகாரம் கூடாது, ஃபோன் கூடாது.

அப்பாவிடம் முன்பே விளக்கியிருந்தேன். "நான் சோழவரத்துல ரேஸ் பாத்தப்ப எல்லாம் முதல்ல வந்தவன்தான்டா ஜெயிச்சான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஓ, நூறு உருப்படியும் ஒரே அளவுல கடையோணும், அப்படித்தானே?" அதேதான்.

ஒரு சுற்று 4.574 கிலோமீட்டர். பெரியவர் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பக்கத்து சீட்டில். நோர்ட்கர்வ் என்ற வளைவுக்கு முன் 100 மீட்டர் பலகையில் பிரேக், மூன்றாவது கியர். பரபோலிகாவின் நீண்ட வளைவில் கால் அசையாமல் முழு மிதி. இங்கேதான் ஒரு மாதம் முன்பு வண்டி செத்திருக்கும். ஒவ்வொரு முறையும் அந்த இடம் வரும்போது வயிறு ஒரு பிடி பிடித்தது. ஊசி வளைவில் இரண்டாவது கியர், பின்பக்கம் கொஞ்சம் வழுக்கி, கதவில் பெரியவரின் முழங்கை இடிக்கும் சத்தம். ஒரே பலகை, ஒரே புல் திட்டு, ஒரே முழங்கை. அதுதான் என் கடிகாரம்.

வைத்த நேரம் 2:41.3. அப்புறம் 2:41.9, 2:40.8, 2:41.5. நான்காவதில் ஊசி வளைவுக்குள் ஒரு போர்ஷே 911 கண்ணாடி முழுக்க வந்து நின்றது. வழிவிட்டேன், மரியாதை அதிகமாகிவிட்டது: 2:46.2. மிச்சம் இரண்டும் 2:41.1, 2:41.6.

38 வண்டியில் 19ஆவது. அந்த ஒரு சுற்று மட்டும் இல்லையென்றால் மொத்தப் பிசகு 1.8 நொடிதான். பெரியவர் ஹெல்மெட்டைக் கழற்றி, "இரண்டாவது கியரைச் சீக்கிரம் போடுகிறீர்கள்" என்றார். முழுச் சுற்றிலும் அவர் பேசியது அவ்வளவுதான்.

1 ஜூன், சனி

காலையில் அப்பா கூப்பிட்டார்.

"எத்தனாவது வந்தே?"

"பத்தொம்பதுங்ப்பா."

"சரி சரி. அந்த நட்டு வந்துச்சா?"

"இல்லீங்ப்பா."

"குளிர்காலத்துல டேங்கைக் கழட்டுவீல்ல, அப்பப் பாத்துக்கலாம்" என்றவர், பேத்தியைக் கூப்பிடச் சொன்னார்.