‘கெரடை விழர’: நான் டைப்போகிராஃபி கற்றுக்கொண்ட கதை

பத்துக்கு ஆறு அளவில் ஒரு ஃபிளக்ஸ். கருஞ்சிவப்புப் பின்னணி, மேலே அம்மன் படம், கீழே மஞ்சள் எழுத்தில் ‘கொடை விழா’. கோவில்பட்டியில் நான் வேலை பார்த்த டிடிபி கடை வாசலில் அதை விரித்துக் காட்டினோம். விழாக் கமிட்டி அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எழுத்துக்கூட்டிச் சத்தமாகவே வாசித்தார்.

“கெ… ர… டை… வி… ழ… ர. ஏம்மா, இது என்னம்மா கெரடை விழர?”

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். கெரடை விழரதான்.

நடந்தது இதுதான். அதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு ஆங்கில வீடியோ பார்த்திருந்தேன். எழுத்துகளுக்கு நடுவில் இடைவெளி விட்டால் தலைப்புக்கு ஒரு கம்பீரம் வரும், அதற்கு டிராக்கிங் என்று பெயர் என்றார்கள். நானும் கூட்டி வைத்தேன். ஆனால் நான் வைத்திருந்தது, எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முந்தைய காலத்து பாண்ட். அதில் ‘கொ’ என்பது ஒரு எழுத்து இல்லை. கொம்பு தனி, ‘க’ தனி, கால் தனி. மூன்று சாவி, மூன்று உரு. சாஃப்ட்வேருக்கு அது மூன்று எழுத்துதான். மூன்றுக்கும் நடுவில் சமமாக இடம் விட்டுவிட்டது. கொம்பு இடப்பக்கம் நகர்ந்தது, கால் வலப்பக்கம் நகர்ந்தது. அந்த பாண்டில் துணைக்காலும் ‘ர’வும் கிட்டத்தட்ட ஒரே வடிவம். ஒட்டி நிற்கிற வரைக்கும்தான் அது கால்; தள்ளி நின்றால் ‘ர’.

முதலாளி அண்ணன் ஃபிளக்ஸை மறுபடி அடித்துக் கொடுத்தார். சம்பளத்தில் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால்கூட அவ்வளவு உறுத்தியிருக்காது.

டைப்போகிராஃபி என்றால் எழுத்தை வாசிக்கத் தோதாக அமைக்கும் கலை. அதுவரைக்கும் எனக்குத் தெரிந்த டைப்போகிராஃபி எல்லாம் பாண்ட் தேர்ந்தெடுப்பதுதான். டிடிபி கற்றபோது சொல்லிக்கொடுத்தது தட்டச்சு வேகம், பேஜ்மேக்கர், கோரல்டிரா என்கிற சாஃப்ட்வேர்கள், எந்தச் சாவிக்கு எந்த எழுத்து. கல்யாணத்துக்கு வளைவான பாண்ட், கண்ணீர் அஞ்சலிக்குத் தடித்த பாண்ட், கட்சிக்காரர் வந்தால் அதைவிடத் தடித்தது, சுற்றி ஒரு அவுட்லைன். நான் மோசமான ஆபரேட்டர் இல்லை, வேகமான ஆபரேட்டர். ஒரு நாளைக்கு எட்டு நோட்டீஸ் முடிப்பேன். அதில் எதையாவது யாராவது வாசிக்கிறார்களா என்று யோசித்தது கிடையாது.

அந்த வாரத்திலிருந்து ராத்திரி வீட்டுக்கு வந்தபிறகு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். கிடைத்ததெல்லாம் ஆங்கிலத்தில். கெர்னிங் என்றால் இரண்டு எழுத்துக்கு நடுவே உள்ள இடத்தைச் சரிசெய்வது. டிராக்கிங் என்றால் மொத்த வரிக்கும் சேர்த்துச் செய்வது. லீடிங் என்றால் வரிக்கும் வரிக்கும் உள்ள தூரம். ஈய எழுத்துக் காலத்தில் வரிகளுக்கு நடுவில் ஈயத் தகடு செருகினார்களாம், அதிலிருந்து வந்த பெயர். பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72-ல் ஒரு பங்கு. இதெல்லாம் மண்டையில் ஏறியது. ஆனால் உதாரணம் எல்லாமே பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் உள்ள மொழியில். நமக்குப் பெரிய எழுத்தே கிடையாது. சாய்வெழுத்து என்கிற மரபும் கிடையாது. சாஃப்ட்வேரில் சாய்த்தால் தமிழ் எழுத்து வழுக்கி விழுவதுபோல் நிற்கிறது. அவர்கள் அழுத்தம் கொடுக்கப் பயன்படுத்துகிற இரண்டு வழியும் நமக்கு அடைப்பு.

பீரோவைக் கிளறியபோது கிடைத்தது தாத்தா பாட்டி கல்யாணப் பத்திரிகை. மஞ்சள் பூசி மடித்தது, டிரெடில் என்கிற பழைய அச்சு மெஷினில் அடித்தது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது என்பதால் ‘லை’க்கும் ‘னை’க்கும் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே ஒரு சுழி, ‘னா’வில் காலே இல்லாமல் அடியில் ஒரு வளைவு. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு வைத்துவிடத்தான் இருந்தேன். ஆனால் மங்கிய மஞ்சள் பல்பில், கண்ணாடி போடாத அம்மா அதைக் கையில் வாங்கி முகூர்த்த நேரம் உட்பட கடகடவென்று வாசித்துவிட்டாள். என்னுடைய பத்திரிகையை அம்மா அப்படி வாசித்ததில்லை.

ஸ்கேலை எடுத்தேன். இரண்டே அளவு எழுத்து. ஒரே பார்டர். வரிக்கு வரி 7 மில்லிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட 20 பாயிண்ட். எழுத்தை கம்ப்யூட்டரில் பக்கத்தில் வைத்துப் பொருத்திப் பார்த்தால் 14 பாயிண்ட் வருகிறது. 14-க்கு 20. பேஜ்மேக்கரும், பக்கம் அமைக்கிற இன்னொரு சாஃப்ட்வேரான இன்டிசைனும் தானாக வைக்கிற லீடிங் எழுத்தளவில் 120 சதவீதம். 14 பாயிண்டுக்கு 17-ஐக்கூடத் தொடாது.

ஏன் அந்த வித்தியாசம் என்று ஒரு தாளில் சோதித்தேன். மேல் வரியில் ‘மூ’, ‘நூ’, ‘கூ’. கீழ் வரியில் அவற்றுக்கு நேராக ‘கீ’, ‘வீ’, ‘டி’. தானாக வருகிற லீடிங்கில் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் கொக்கியும் கட்டிப்புரண்டன. தமிழில் மேலேயும் கீழேயும் குறிகள் போய்க்கொண்டே இருக்கின்றன, உச்சியில் புள்ளி வேறு. ஆங்கிலத்துக்குப் போதுமான இடம் நமக்குப் போதாது. 140 சதவீதத்தில் ஆரம்பித்து, அந்தந்த பாண்டைப் பார்த்துக் கூட்டுவதோ குறைப்பதோ அன்றிலிருந்து என் வழக்கம்.

அடுத்து செய்ததுதான் உண்மையில் எனக்குப் பாடம். டிசைன் கல்லூரிகளில் மாணவர்களுக்குக் கொடுக்கிற ஒரு பயிற்சி உண்டு: ஒரே பாண்ட், ஒரே அளவு, ஒரே தடிமன். இடத்தை மட்டும் மாற்றி ஒரு பக்கத்தை வாசிக்க வைக்க வேண்டும். நான் எடுத்துக்கொண்டது அதே கொடை நோட்டீஸ். கால்நாட்டு, குடியழைப்பு, வில்லுப்பாட்டு, சாமக்கொடை, அன்னதானம், முளைப்பாரி என்று மூன்று நாள் நிகழ்ச்சி, தேதி, நேரம், கமிட்டியார் பெயர்கள். முதலில் நான் செய்து கொடுத்திருந்த நோட்டீஸில் எண்ணிப் பார்த்தேன்: ஐந்து பாண்ட், பதினோரு அளவு, நிழல், அவுட்லைன். அதையெல்லாம் கழற்றி எல்லாவற்றையும் 11 பாயிண்டுக்குக் கொண்டுவந்ததும் ரேஷன் கார்டு பட்டியல்போல் ஆகிவிட்டது.

பிரிண்ட் எடுத்து பீரோ கதவில் ஒட்டினேன். அம்மாவைக் கூப்பிட்டு, “சாமக்கொடை என்னைக்கு?” என்று கேட்டுவிட்டு மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். இருபது வரை எண்ணினேன். “இருடி, தேடிட்டு இருக்கேன்ல” என்றாள்.

இரண்டாவது தாளில் எல்லா வரிக்கும் நடுவில் தாராளமாக இடம் விட்டேன். இன்னும் மோசம். எல்லாமே தள்ளித் தள்ளி நின்றால் எது எதோடு சேர்ந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. ‘செவ்வாய்க்கிழமை’ மேலே இருக்கிற வில்லுப்பாட்டுக்கா கீழே இருக்கிற சாமக்கொடைக்கா என்று அம்மா குழம்பினாள். மூன்றாவது தாளில் ஒரு நாளின் நிகழ்ச்சிகளை நெருக்கி வைத்து, நாளுக்கும் நாளுக்கும் நடுவில் இரண்டு வரி அளவு வெற்றிடம் விட்டேன். நேரத்தை இடப்பக்கம் ஒரே நேர்கோட்டில் இறக்கினேன். எழுத்து அதே 11 பாயிண்ட், தடிமன்கூட மாறவில்லை.

“சாமக்கொடை?”

“செவ்வா ராத்திரி பன்னெண்டு. அதுக்கு ஏன்டி என்னை எழுப்புற?”

நான் நான்கு வரைகூட எண்ணவில்லை.

பிறகு தடித்த எழுத்துக்கு அனுமதி கொடுத்துக்கொண்டேன். முக்கியம் என்று தோன்றியதையெல்லாம் தடிக்க வைத்தேன், மறுபடி தொலைந்தது. பதினைந்து இடத்தில் தடித்திருந்தால் எதுவுமே தடித்திருக்கவில்லை. மூன்றே இடம் என்று குறைத்தேன். கடைசியில் அளவு. 11-க்குப் பக்கத்தில் 13 வைத்தால் தெரியாமல் நடந்த தப்பு மாதிரி இருக்கிறது. 22 வைத்தால்தான் வேண்டுமென்றே செய்ததாகத் தெரிகிறது. பீரோ கதவு நிறைய செல்லோடேப் தடம். அப்பா கேட்டதற்கு ஆஃபீஸ் வேலை என்று சொல்லிவிட்டேன்.

இடையில் இன்னொரு அடி விழுந்தது. கிரகப்பிரவேசப் பத்திரிகை, மெரூன் பின்னணியில் வெள்ளை எழுத்து, 7 பாயிண்ட், மெல்லிய பாண்ட். திரையில் பார்க்க அழகாக இருந்தது. சிவகாசியிலிருந்து அடித்து வந்த கட்டைப் பிரித்தால் ‘அனபுடன அழைககிறோம’. புள்ளியெல்லாம் போய்விட்டது. மெரூன் என்பது ஒரே மை இல்லை. இரண்டு மூன்று மை ஒன்றன்மேல் ஒன்று விழுந்து உண்டாகிற நிறம். பிளேட் மயிரிழை விலகினாலும் அந்த மை வெள்ளை இடத்துக்குள் இறங்கும். முதலில் அடைபடுவது புள்ளி, அப்புறம் ‘ண’வின் சுழிகள். அதிலிருந்து அடர் நிறத்தில் வெள்ளை எழுத்து வைத்தால் ஒரு படி தடித்த எழுத்து, 10 பாயிண்டுக்குக் குறையாமல். சாஃப்ட்வேர் போலியாகத் தடிக்க வைக்கிற வேலை இதற்கு ஆகாது. அது எல்லாப் பக்கமும் ஊதிவிடுவதால் சுழி இன்னும் சீக்கிரம் அடைகிறது. பாண்டிலேயே தடித்த வடிவம் தனியாக வரைந்திருக்க வேண்டும்.

அதற்காகத்தான் பழைய பாண்டுகளை விட்டேன். கேட்டமரன் கூகுள் பாண்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கிறது, ஒன்பது தடிமனில். பிரியா ரவிச்சந்திரன் தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்தே வடிவமைத்தது. எக் டைப் என்கிற எழுத்து வடிவமைப்பு நிறுவனம் செய்த முக்தா மலரும் அதே போல. கடை போர்டிலோ விசிட்டிங் கார்டிலோ இரண்டு மொழியும் வரும்போது இதன் அருமை தெரியும். வேறு வேறு பாண்டில் தமிழ் 12, ஆங்கிலம் 12 என்று வைத்தால் ஒன்று அண்ணன், ஒன்று தம்பி. பாயிண்ட் என்பது எழுத்தின் உயரமே இல்லை, ஈயக் காலத்தில் எழுத்து நின்ற கட்டையின் உயரம் என்று தெரிந்தபிறகுதான் இதற்குக் காரணம் புரிந்தது. கட்டைக்குள் எழுத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பது வரைந்தவர் இஷ்டம். எண்ணை நம்பாமல் இப்போது கண்ணால் பொருத்துகிறேன். ஆங்கிலம் முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு பாயிண்ட் குறைப்பேன்.

யூனிகோடுக்கு மாறியது தனித் தலைவலி, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்டிசைனில் இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகக் கோக்கிற வேர்ல்டு ரெடி கம்போசர் என்கிற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

நேர்த்தியாகத் தெரியும் என்று இரண்டு ஓரமும் சமமாக வைக்கிற ஜஸ்டிஃபை பழக்கத்தையும் பாதி விட்டேன். ‘கலந்துகொள்ளுமாறு’, ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ மாதிரிச் சொற்கள் ஒடுக்கமான பத்தியில் வந்தால் மேல் வரியில் இரண்டே சொல் நிற்கும், நடுவில் லாரி போகலாம். பழைய புத்தகங்களில் கோடுகூடப் போடாமல் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அதில் ஒரு ஒழுங்கு உண்டு: புதிய வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக்கூடாது. ‘அழைக்’ என்று முடித்து ‘கிறோம்’ என்று தொடங்கலாம், ‘அழை’ என்று முடித்து ‘க்கிறோம்’ என்று தொடங்கினால் வாய் தடுக்கும்.

இத்தனை கற்றாலும் வாடிக்கையாளர் கேட்பது ஒன்றுதான்: “எழுத்தைச் சின்னதாக்கினா எல்லாம் அடங்கிருமே.” இது இன்று நேற்று வந்த சிக்கலில்லை. தரங்கம்பாடி மிஷன் அச்சகத்துக்கு 1713-ல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரியவை. காகிதத்தை விழுங்கின. அதனால் அங்கேயே சின்ன எழுத்தாக வார்த்துத்தான் புதிய ஏற்பாட்டை 1715-ல் அச்சிட்டு முடித்தார்கள். அவர்களுக்குக் காகிதம் இல்லை. நமக்கு விட்டுப்போகக்கூடாத மாமன் மச்சான் பெயர்கள்.

போன கொடைக்கு அதே அண்ணாச்சி வந்தார். பீரோ கதவில் தேறிய அமைப்பில் நோட்டீஸ் புரூஃப் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றாமலே வாசித்தார். தேதி சரி, நேரம் சரி, தலைப்பை மட்டும் ஒருமுறை எழுத்துக்கூட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்து, இரண்டாம் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் நடுவில் நான் விட்டிருந்த வெற்றிடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

“இம்புட்டு இடம் சும்மா கெடக்கேம்மா. நம்ம மருமகன் பேரை இதுல போட்ருவமா?”

பின்பக்கம் நன்கொடையாளர் பட்டியலுக்கு மேலே, தனியாக, தடித்த எழுத்தில் போடுகிறேன் என்றேன். தடித்த எழுத்து என்றதும் சரி என்றுவிட்டார்.