காதுகுத்தும் கேமரா வேகமும்

விசேஷ வீடுகளில் படமெடுப்பவர்களுக்குக் கேமராவின் வேகம் எங்கே இடிக்கும் என்று கேட்டால், காதுகுத்தைத்தான் சொல்வேன். தாய்மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்திருக்கும். ஊசி இறங்கியதும் உடனே அழுகை வராது. கண்ணை அகல விரித்து மாமனைப் பார்க்கும், அப்புறம்தான் உதடு பிதுங்கும். எனக்கு அந்தப் பார்வைதான் வேண்டும்.

2003ல் வந்த கேனான் 300டி விநாடிக்கு இரண்டரை படம் எடுக்கும். அதுவும் தொடர்ச்சியாக நாலுதான், படங்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் பஃபர் நினைவகம் நிறைந்துவிடும். கார்டில் எழுதி இடம் விடும்வரை பட்டனை அழுத்திப் பயனில்லை. குழந்தை அம்மாவிடம் தாவுவது சரியாக அந்த நேரத்தில்தான். அதனால் ஊசிக்கு ஒன்று, உதட்டுக்கு ஒன்று, அம்மாவுக்கு இரண்டு என்று பிரித்து வைத்துக்கொள்வேன். இரண்டாவது காது வேறு கதை. வலி என்னவென்று அதற்குள் தெரிந்துவிடும். மாமன் சட்டையை முன்கூட்டியே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

அந்தக் காலத்து அப்பாக்கள் கையிலிருந்த சின்ன டிஜிட்டல் கேமராக்கள் பாடு இன்னும் மோசம். பட்டனை அழுத்திய பிறகுதான் லென்ஸ் முன்னும் பின்னும் நகர்ந்து ஃபோகஸ் தேடும். படத்தில் கண் சிவப்பாகத் தெரியாமலிருக்க ஃபிளாஷ் முதலில் ஒருமுறை மின்னும், பிள்ளை கண்ணை மூடிக்கொள்ளும். எத்தனை ஆல்பத்தில் பிள்ளையின் பின்னந்தலை மட்டும் இருக்கிறது! பட்டனைப் பாதி அழுத்தி ஃபோகஸை முன்பே பிடித்து வையுங்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்வேன்.

வெளிச்சமும் ஒரு தடைதான். ஓடுகிற பிள்ளை கலங்காமல் விழ ஷட்டர் வேகம் 1/500 விநாடியாவது வேண்டும். மண்டபத்து டியூப்லைட்டில் ஃபிளாஷ் இல்லாமல் அது நடக்காது. வெளிச்சத்துக்கான உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 1600க்கு ஏற்றினால் படம் புள்ளி புள்ளியாகிவிடும்.

இப்போது அந்தத் தடைகள் பெரும்பாலும் போய்விட்டன. 2016ல் வந்த ஒலிம்பஸ் இ-எம்1 மார்க் 2, பட்டனை முழுதாக அழுத்துவதற்கு முந்தைய 14 படங்களைக்கூடச் சேர்த்துத் தரும். அது பெரிய வரம்தான். ஆனால் உதவிக்கு வரும் பையன்கள் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டு ஆசாரியின் கையையே பார்க்கிறார்கள். நான் குழந்தையின் முகத்தைப் பார்க்கச் சொல்கிறேன். ஊசி வருவதற்கு முன்பே தரையில் உட்கார்ந்து, அதன் கண் மட்டத்துக்குக் கேமராவை இறக்கச் சொல்கிறேன். திரை நகராமல் சென்சாரே வரிசை வரிசையாகப் படமெடுக்கும் மின்னணு ஷட்டரையும் அணைக்கச் சொல்வேன். மண்டபத்து எல்இடி வெளிச்சத்தில் அது பிள்ளை முகத்தில் பட்டை பட்டையாகக் கோடு போட்டுவிடும்.