பிரித்தானிய அரூப ஓவியம்: மார்லோ மாஸிடமிருந்து தொடங்கினால்

பிரித்தானிய ஓவியம் அரூபத்தை, அதாவது உருவங்களைச் சித்திரிக்காத கலையை, நோக்கி நகர்ந்த வரலாற்றைப் பெரும்பாலும் ஓவியர் பென் நிக்கல்சனிடமிருந்தே தொடங்குகிறார்கள். 1934 முதல் அவர் செதுக்கிய வெண்ணிறப் புடைப்புச் சிற்பங்கள், 1939-இல் சிற்பி பார்பரா ஹெப்வொர்த்துடன் அவர் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள கார்ன்வாலுக்குக் குடிபெயர்ந்தது, அங்கே செயின்ட் ஐவ்ஸ் ஊரில் உருவான கலைஞர் வட்டம் என்று அது விரியும். அவற்றின் முக்கியத்துவத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த வரலாற்றில் ஓவியர் மார்லோ மாஸுக்கு இத்தனை காலம் இடமில்லாமல் போனதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

1889-இல் லண்டனில் பிறந்து, 1920களின் பிற்பகுதியில் பாரிஸுக்குச் சென்ற மாஸ், வெள்ளைக் கித்தானைக் கறுப்புக் கோடுகளால் பகுத்து வரைந்ததாலேயே, அதே பாணியில் வரைந்த டச்சு ஓவியர் மோந்திரியானின் சீடர் என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்டார். உண்மையில், அருகருகே இணையாக ஓடும் இரட்டைக் கோட்டை முதலில் வரைந்தவர் மாஸ்தான். 1932-இல்தான் அது மோந்திரியானின் ஓவியத்தில் தோன்றுகிறது. தனிக்கோடு கித்தானைக் கட்டங்களாக அடைத்து நிறுத்துகிறது. அது இரண்டாகும்போது நடுவிலுள்ள வெண்பட்டையும் ஒரு கோடாகிவிட, எது கோடு, எது வெளி என்று முடிவுசெய்ய இயலாமல் கண் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அசைவற்றிருந்த ஓவியத்துக்குள் அசைவைக் கொண்டுவந்ததைச் சீடரின் வேலை என்று எப்படிச் சொல்வது? பின்னர் மாஸ் வெள்ளைப் பரப்பின்மேல் வெள்ளைக் கயிற்றையே பொருத்தினார். அங்கே கயிற்றின் நிழல்தான் கோட்டை நமக்குக் காட்டுகிறது.

போர்க்காலத்தில் அதே கார்ன்வாலுக்கு வந்து லமோர்னாவில் தங்கிய மாஸ், நிக்கல்சனுக்குக் கடிதம் எழுதியும் பதில் வரவில்லை. பிரான்ஸின் நார்மண்டியில் விட்டுவந்த படைப்புகளில் பெரும்பகுதி 1944-இல் குண்டுவீச்சில் அழிந்தது. 1958-இல் மாஸ் இறந்தார்.

விடுபட்டவர்களின் வரிசை மாஸோடு முடியவில்லை. 1928-இல் சிம்லாவில் பிறந்த அன்வர் ஜலால் ஷெம்சா, லாகூரில் ஏற்கெனவே பெயர்பெற்ற ஓவியராக இருந்து, 1956-இல் லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளிக்குப் படிக்க வந்தார். இஸ்லாமியக் கலை முற்றிலும் பயன்பாட்டுக்குரியது என்று கலை வரலாற்றாசிரியர் கோம்பிரிச் விரிவுரையில் சொல்லக் கேட்டு நிலைகுலைந்து, தம் பழைய ஓவியங்களை அழித்துவிட்டு, வட்டத்தையும் சதுரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு புதிதாகத் தொடங்கினார். அவ்விரு வடிவங்களின் துண்டுகள் அவரிடம் அரபு எழுத்தின் வளைவாகவும் முகலாயக் கட்டடத்தின் வளைவாகவும் மாறுகின்றன. நிக்கல்சன் நிலக்காட்சியையும் மேசைப்பொருள்களையும் படிப்படியாகக் கழித்துத்தான் அரூபத்தை அடைந்தார். கம்பள வணிகக் குடும்பத்தில் பிறந்த ஷெம்சாவுக்கோ உருவமற்ற வடிவங்கள் குழந்தைப் பருவத்திலிருந்தே கண்முன் இருந்தன. ஆகவே, பிரித்தானிய அரூபத்தை ஒரே திசையில் நிகழ்ந்த நகர்வாக விளக்கும் நூல்களால் அவருடைய ஓவியங்களை விளக்க முடிவதில்லை.