அவர் கேட்டதும் நான் சொன்னதும்

"அம்மா கடைசியில என்னைப் பத்தி ஏதாச்சும் சொல்லுச்சுங்களா சிஸ்டர்?" என்று அந்த மகன் கேட்டபோது நான் சொன்ன பதிலில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் அந்தப் பதில் இன்று வரை என்னை நிம்மதியாக விடவில்லை. "கடைசி நாட்கள்ல அவங்களால பேச முடியலைங்க. ஆனா வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா மட்டும் தலையைத் திருப்பிப் பார்ப்பாங்க" என்றேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார். நான் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

அந்த அம்மாவுக்குக் கன்னத்தில் புற்றுநோய். வீட்டுக்குப் போய் அவரைக் கவனித்த வலி தணிப்பு நர்ஸ் நான். பேச்சு தெளிவாக இருந்த காலத்தில் ஒரு நாள் புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டே, "மகனுக்குச் சொல்லி அனுப்பட்டுங்களா?" என்று கேட்டேன். அவர் என் கையைத் தள்ளிவிட்டு, "அவன் பேச்சை எடுக்காதே அம்மிணி. எனக்கு ஒரே ஒரு பொண்ணுதான்" என்றார். கோபத்தில் வாய் தவறி வந்த சொல் அல்ல அது. என் கண்ணைப் பார்த்து நிதானமாகச் சொன்னது. மகன் துக்கம் விசாரித்தவர்களுக்கு நடுவே உட்கார்ந்து என்னைக் கேட்டபோது இந்தச் சொல் எனக்கு முழுமையாக நினைவிருந்தது. நினைவில் வைத்துக்கொண்டேதான் அதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன்.

மற்றதும் உண்மைதான். கன்னத்தில் துளை விழுந்து, வாயில் விட்ட தண்ணீர் வெளியே வழியத் தொடங்கிய பிறகு மூக்குக் குழாய் வழியாகத்தான் எல்லாம் போயிற்று. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் நாற்றம் அடங்கும். அதை முடித்து, துணி வைத்துக் கட்டி, வலியை அடக்கும் மார்ஃபின் மாத்திரையைக் கரைத்துக் குழாயில் விடுவோம். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டிய மருந்து அது. இரவு படுக்கும்போது மட்டும் இரண்டு பங்காகக் கொடுத்தால் நடுச்சாமத்தில் எழுப்ப வேண்டியதில்லை என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். அந்த மாத்திரை அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது எங்கள் ஹோம் கேர் வண்டியில். அப்படியென்றால் வண்டிச் சத்தம் கேட்டு அவர் தலையைத் திருப்பியது யாருக்காக? மகனுக்காக இருக்கலாம். மருந்துக்காகவும் இருக்கலாம். வண்டியில் வந்த எனக்காகவும், வெறும் சத்தத்துக்காகவும்கூட இருக்கலாம். மகன் முன்னால் உட்கார்ந்திருந்தபோது இவை எதுவும் என் மனத்தில் தோன்றவில்லை என்று சொல்ல முடியாது.

எங்கள் வேலையில் மரணத்தோடு கணக்கு முடிவதில்லை. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993இல் சிலர் தொடங்கிய வலி தணிப்புப் பணி, ஊர்க்காரர்கள் கைக்கு வந்து, 2008இல் கேரள அரசின் கொள்கையாகி, இன்று எல்லையோரப் பஞ்சாயத்துகள் வரை நடக்கிறது. நோயாளி இறந்த பின்பும் அந்த வீட்டுக்கு ஒரு முறையாவது போக வேண்டும் என்பது அதில் எழுதாத விதியாகவே ஆகிவிட்டது. தண்ணீர்ப் படுக்கையைத் திரும்ப எடுத்து, மிஞ்சிய மார்ஃபின் மாத்திரைகளை எண்ணிப் பதிவேட்டில் எழுதிய பிறகு, அவசரப்படாமல் உட்கார வேண்டும். அந்த வீட்டில் குறைவாகப் பேசு, அதிகமாகக் கேள் என்றுதான் எனக்குப் பயிற்சியில் சொன்னார்கள். ஆனால் அவர்களே நம்மிடம் கேள்வி கேட்டால், அதுவும் விடை தெரிந்த ஒரே ஆள் நாமாக இருந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

மகன் இருந்த கோயம்புத்தூர் அந்த வீட்டிலிருந்து தொலைவான ஊர் இல்லை. கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளம் தாண்டினால் சிறிது நேரத்தில் போய்விடலாம். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அவர் வரவில்லை. மூன்றாம் நாள்தான் வந்தார். கொள்ளி வைத்தது மருமகன். பாடையைத் தூக்க ஆள் போதாமல், பக்கத்துத் தென்னந்தோப்பில் வேலை செய்யும் ஒடிசாக்காரர்கள் இருவர் யாரும் கூப்பிடாமலே வந்து தோள் கொடுத்தார்கள். இதெல்லாம் தெரிந்திருந்தும் அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. எதற்காகப் பிரிந்தார்கள் என்பதை இரண்டு பக்கமும் கேட்டிருக்கிறேன். நிலத்தில் தொடங்கிய சண்டை, வேறு விதமாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. என் முன்னால் இருந்தது, அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் போன ஒருவர். வாழ்நாள் முழுக்க அவர் சுமக்கப்போவதை நான் இன்னும் கனமாக்க வேண்டுமா? இறந்தவருக்கு இனி வலியில்லை, இருப்பவருக்குத்தான் வலி, எனவே நான் செய்தது சரிதான் என்று பல இரவுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் இறந்தவருக்கு நான் கடன்பட்டவள் இல்லையா? நாங்கள் வலியை அடக்குவது எதற்காக? 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு, அதன் கெடுபிடியால் மருத்துவமனைகளே மார்ஃபின் வைத்திருக்கத் தயங்கின. அந்த மருந்து கிடைக்காமல் அலறியபடியே செத்தவர்கள் எத்தனையோ பேர். வலியில் துடிக்கும் மனிதருக்கு அன்பும் தெரியாது, வெறுப்பும் தெரியாது. வலி ஒன்றுதான் தெரியும். வலி அடங்கினால் அந்த மனிதர் நமக்குத் திரும்பக் கிடைக்கிறார், தம் கோபத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு. அந்த அம்மாவின் கோபமும் அப்படித் திரும்பி வந்ததுதான். அது அவருக்குச் சொந்தமானது. கண் மூடியதும் அதை அவரிடமிருந்து வாங்கிக் கீழே போட்டுவிட்டு, மகனுக்காக ஏங்கிய தாய் என்று அவரை மாற்றி வைக்க எனக்கு என்ன உரிமை இருந்தது? இறந்தவர்களிடம் மனத்தைத் திறந்து வைப்பது என்றால், அவர்கள் மன்னிக்காமல் போனதையும் ஏற்றுக்கொள்வதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. இதை எழுதும்போதே, மன்னிக்க அவருக்குக் காலம் போதாமல் இருந்திருக்கலாமே, பேச்சு நின்ற பிறகு மனம் மாறியிருக்கலாமே என்ற எண்ணமும் வருகிறது. நான் கேட்டது பேச்சு இருந்த காலத்துச் சொல். அதற்குப் பிறகு அவர் என்ன நினைத்தார் என்பதற்கு யாரிடமும் சாட்சி இல்லை.

கருமாதிக்கு நான் போகவில்லை. ஊரில் சுகாதார வேலை பார்க்கும் ஆஷா பணியாளர் போய்வந்து சொன்னார். "நான் வருவேன்னு அம்மா கடைசி மூச்சு வரைக்கும் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு, நர்சம்மாவே சொன்னாங்க" என்று மகன் பந்தலில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். நான் சொன்னது அதுவல்ல. ஆனால் நான் சொன்னதிலிருந்து அவர் வேறு எங்கே போயிருக்க முடியும்?

அடுத்த வாரம் மகள் ஆஸ்பத்திரிக்கே வந்தார். சண்டை போட வரவில்லை. மருந்து வாங்குபவர்களின் வரிசை முடியும் வரை பெஞ்சில் காத்திருந்து, பிறகு கேட்டார்: "ராத்திரி பகலா பக்கத்துல உக்காந்து இருந்தது நானுங்க சிஸ்டர். அம்மா அவனைத்தான் பார்த்துச்சுங்களா?" மகனின் கண்ணீரைப் பார்த்துப் பேசிய நேரத்தில் இந்தப் பெண்ணை நான் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தவர், இரண்டு கையிலும் புண் நாற்றத்தோடு சோறு உண்டவர் இவர். "உங்க கை பட்டாத்தான் அவங்க முகச் சுளிப்பு போகும், அதை நான் பார்த்திருக்கேன்" என்றேன். அதுவும் உண்மை. அவர் தலையசைத்தார். பிறகு, "அவன் பேச்சே வேண்டாம்னு அம்மா உங்ககிட்டயும் சொல்லியிருக்குமே" என்றார். ஆமாம் என்றேன். "அதை அவன்கிட்டச் சொன்னீங்களா?" இல்லை என்றேன். "சரிங்க" என்று எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார். அந்தச் "சரிங்க"வில் இருந்தது ஒப்புதலா, வருத்தமா என்று எனக்கு விளங்கவில்லை.

மகன் இப்போதெல்லாம் அக்கா வீட்டுக்கு வந்துபோவதாகக் கேள்விப்படுகிறேன். அவர்கள் அம்மாவைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்களா, பேசினால் எந்த அம்மாவைப் பற்றி என்பது எனக்குத் தெரியாது. அவர் என்னைத் தேடி வந்து மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டால், இம்முறை இரண்டையும் சொல்லிவிட வேண்டும் என்றே நினைத்திருக்கிறேன். அவர் அதே துண்டோடு எதிரில் வந்து உட்கார்ந்தால் அப்படிச் சொல்வேனா என்று கேட்டால், என்னால் உறுதி கூற முடியவில்லை.