மருமகள் மேல் விழுந்த பழி

ஜூன் 9, பெங்களூரு

ஏப்ரலில் மலைக் கிராமத்திலிருந்து வந்த சளி மாதிரிகளில் காசநோய்க் கிருமி இப்போதுதான் நன்றாக வளர்ந்திருக்கிறது. முட்டை கலந்த பச்சை ஊடகச் சாய்வின் மேல் வெளிர்மஞ்சளாக, சொரசொரவென்று, காலிபிளவர் போலத் திட்டுகள். நோயாளிகளுக்குச் சிகிச்சை அப்போதே தொடங்கிவிட்டது. கிருமியைச் சூடேற்றிக் கொன்ற பிறகே மரபணுவைப் பிரிப்போம்.

ஊர்ப்பெயரை எழுதப்போவதில்லை. அவ்வளவு சின்ன இடத்தில் ஊரைச் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஜூன் 19

ஹெப்பாள் மேம்பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. தாமதமாக வந்தால், முடிவுகள் தயாராக இருந்தன.

இந்தக் கிருமியின் மரபணுத்தொகுதியில் சுமார் 44 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள். 1998-ல் முதன்முதலாக முழுமையாகப் படித்தார்கள். ஆண்டுக்குச் சராசரியாக அரை எழுத்துதான் மாறும். அதனால் இரு நோயாளிகளின் கிருமிகள் 12 எழுத்துகளுக்கு மேல் வேறுபட்டால், அண்மையில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஒரு வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் நோய். கீழ்நாட்டிலிருந்து வாழ வந்தவள்தான் கொண்டுவந்தாள் என்று ஊரே பேசுகிறதாம். அவளுக்குத் தட்டும் தம்ளரும் தனி. இருவர் கிருமிகளையும் ஒப்பிட்டேன். 400 எழுத்துகளுக்கு மேல் வித்தியாசம்! முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். மாமியாருக்கு நோய் வந்தது அவளால் அல்ல.

ஜூன் 20

மாமியாரின் கிருமிக்கு இரண்டே எழுத்து தள்ளி இன்னொன்று இருக்கிறது. காப்பித் தோட்டத்து லயனில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் ஒருவருடையது. செவிலியர் அக்காவுக்குப் போன் செய்தேன். மருமகள் விஷயத்தைக் கேட்டதும், "நாளைக்கே அந்த வீட்டுக்குப் போகிறேன்" என்றார். அடுத்ததைச் சொன்னதும் குரல் இறங்கிவிட்டது.

"அவர் பெயரை வெளியே விட்டுவிடாதே கண்ணு. இவள் தலையிலிருந்து இறங்கிய பழி அவர் தலையில் ஏறும். வேலையும் போய்விடும்."

அக்கா சொல்வது சரி. இந்த நெருக்கத்தை வைத்து யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று சொல்லவே முடியாது. நாம் பார்க்காத மூன்றாவது ஆள் ஒருவர் இருவருக்கும் தந்திருக்கலாம். பெயர் எதுவும் சொல்லாமல், லயன் முழுவதற்கும் பரிசோதனை கேட்டு எழுதியிருக்கிறேன்.

ஜூன் 24

லயனில் பரிசோதனை தொடங்கிவிட்டது. மூன்று பேரின் கிருமியிலும் முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினை எதிர்க்கும் மாற்றம் இல்லை, பெரிய நிம்மதி.

மாமியார் நம்பவில்லையாம். "எழுத்தாவது, கணக்காவது" என்று எழுந்து போய்விட்டாராம். மகன் மட்டும் உட்கார்ந்து, இன்னொரு முறை விளக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான். அடுத்த வாரம் அக்காவோடு நானும் போகிறேன்.