பூட்டான்: ஒரு ராத்திரிக்கு 1200 ரூபாய்

மேற்கு வங்க எல்லை ஊரான ஜெய்கானில் அந்தப் பெரிய வாசலைத் தாண்டினால் புன்ட்ஷோலிங், அதாவது பூட்டான். நம்மவர்களுக்கு விசா தேவையில்லை, பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ இருந்தால் பெர்மிட் கிடைக்கும் (பெரியவர்கள் ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள்). ஆனால் தலைக்கு ஒரு ராத்திரிக்கு 1200 ரூபாய் பூட்டான் அரசுக்குக் கட்டவேண்டும். மற்ற வெளிநாட்டினர் பெரும்பாலோருக்கு 100 டாலர். கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் திறந்தபோது அதை 200 டாலர் ஆக்கி, அடுத்த வருஷமே பாதியாகக் குறைத்தார்கள்.

பெர்மிட் வரிசையில் பலரும் இதைக் கொள்ளை என்றுதான் திட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, காரணம் அந்த நாட்டின் வரலாறு. 1865-ல் பிரிட்டிஷாரிடம் போரில் தோற்றுத் துவார் சமவெளி முழுவதையும் இழந்தார்கள், ஜெய்கானே அந்த மண்தான். 1910 ஒப்பந்தப்படி வெளியுறவில் பிரிட்டன் சொல்வதைக் கேட்கவேண்டும், 1949-ல் அந்த இடத்துக்கு இந்தியா வந்தது, அந்த ஷரத்து போனது 2007-ல்தான். நடுவில் திபெத் சீனாவிடம் போனதையும் 1975-ல் சிக்கிம் இந்தியாவோடு சேர்ந்ததையும் பக்கத்திலிருந்து பார்த்த நாடு அது. யார் வரலாம், எத்தனை பேர் வரலாம் என்பதைத் தானே முடிவு செய்ய நினைப்பதில் என்ன தப்பு? 1974-ல் சுற்றுலாவுக்குக் கதவைத் திறந்தபோதே அளவாகத்தான் திறந்தார்கள்.

புனாகா கோட்டையைத் தவறவிடாதீர்கள். போ சூ, மோ சூ என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில், 17ஆம் நூற்றாண்டில் பூட்டானை ஒரே நாடாக இணைத்த ஷப்துருங் ஙவாங் நம்கியால் கட்டியது. 1907 டிசம்பர் 17 அன்று உக்யென் வாங்சுக் முதல் மன்னரானது இங்கேதான். மரப்பாலம் தாண்டியதும் எங்கள் கைடு பையிலிருந்து நீளமான வெள்ளைத் துண்டை எடுத்து, இடது தோளில் போட்டு மடிப்பு மடிப்பாகச் சரிசெய்துகொண்டார். அது இல்லாமல் பூட்டான்காரர்கள் உள்ளே போக முடியாதாம். சாதாரண ஜனங்களுக்கு வெள்ளை, எம்.பி.க்களுக்கு நீலம், மன்னருக்கும் தலைமைக் குருவுக்கும் காவி மஞ்சள். அந்த நீலத்துக்கு வாக்குப்பெட்டி மூலம் ஆள் வந்தது 2008-ல்தான், அதுவும் தேர்தல் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் நான்காம் மன்னர். ஜனங்களில் பலருக்கு அப்போது அதில் விருப்பமே இல்லை.

அதே மன்னர் காலத்தில்தான், 1990களின் தொடக்கத்தில், தெற்கே வாழ்ந்த நேப்பாளி பேசும் மக்கள் ஒரு லட்சம் பேர் அளவுக்கு நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது. கிழக்கு நேப்பாள முகாம்களில் வருஷக்கணக்கில் கிடந்து, அப்புறம் பெரும்பாலோர் அமெரிக்கா போன்ற நாடுகளில் குடியேறினார்கள். மகிழ்ச்சியை அளக்கும் நாடு என்று எல்லா விளம்பரத்திலும் இருக்கிறது, இது எதிலும் இல்லை. எனக்குப் பூட்டானை ரொம்பப் பிடித்திருக்கிறது, அதனாலேயே இது உறுத்துகிறது. 1200 ரூபாயை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த மக்கள் திரும்பி வர இன்னும் வழி இல்லாததைச் சொல்வேன்.